பாலமுருகன் படத்துக்கு அங்க அடையாளங்கள்

திருநெல்வேலி,
1909 ஜூலை 14

ஏரலில் சித்திரம் எழுதும் ஸ்ரீ பாக்கியசீலன் அவர்களுக்கு, வைத்தியலிங்கம் பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். தங்கள் வீட்டிலும் சுகமாக இருக்க வேண்டும்.

என்னைத் தாங்கள் அறிய நியாயம் இல்லை. முப்பத்தொரு வருடம் தாலுகா கஜானாக்களில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனித் திருவிழாவுக்கு வந்த நாடகக் கம்பெனியின் திரைச்சீலை ஒன்றில், ஒரு குழந்தை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் நாடகம் பார்த்தார்கள். நான் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைச் சுருட்டி மேலே தூக்கியபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆர்மோனியக்காரரிடம் கேட்டுத் தங்கள் பெயரும் விலாசமும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பூஜை அறைக்குப் பாலமுருகன் படம் ஒன்று வேண்டும். இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம், சீலையில் எண்ணெய் வர்ணம். அச்சுப் படங்கள் கடையில் கிடைக்கும் என்பது தெரியும். அவற்றிலெல்லாம் ஒரே முகம்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது நான் சொப்பனத்தில் கண்ட முகம். பென்ஷன் வாங்க வருகிறவர்களை அங்க அடையாளச் சீட்டோடு ஒத்துப் பார்த்துப் பழகியவன் ஆகையால், அந்த முறையிலேயே எழுதுகிறேன்.

1. வயது ஏழு.
2. மாநிறம்.
3. இடது புருவத்தின் கடைசியில் அரை அங்குலத் தழும்பு. அந்த இடத்தில் முடி கிடையாது.
4. சிரித்தால் மேலுதட்டில் ஒரு பக்கம் முதலில் ஏறும். மறுபக்கம் பிறகு வரும்.
5. காது மடல்கள் சற்று முன்னால் மடிந்தவை.
6. உச்சந்தலையில் இரட்டைச் சுழி.

பதிலைத் தபால் கார்டில் எழுதாமல் கவரில் எழுதக் கோருகிறேன். அடுத்த வீட்டில் என் தமையனார் இருக்கிறார். தபால்காரர் எங்கள் தபாலையும் அங்கேதான் கொடுப்பார். அண்ணாச்சி கார்டுகளைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்.

நான் கேட்பது தப்பான கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் விதேயன்,
வைத்தியலிங்கம் பிள்ளை
ஓய்வு பெற்ற கஜானா குமாஸ்தா


ஏரல்,
1909 ஜூலை 22

பிள்ளைவாள் சமூகத்துக்கு ஏரல் பாக்கியசீலன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

தங்கள் கடிதத்தை என் வீட்டாள்தான் முதலில் படித்தாள். "என்ன இது, சாமியா, இல்ல தப்பி ஓடுன கைதியா? போலீஸ்டேசன் சுவத்துல ஒட்டவா கேக்காக?" என்றாள். கோபிக்க வேண்டாம். அவள் வாய் அப்படி.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். பெயரைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். தெரிந்தும்தான் எழுதினீர்களா என்று கேட்கிறேன். எனக்குத் தடை ஒன்றும் இல்லை. எங்கள் சபை உபதேசியார் ஒருதரம், "நாடகத் திரையில சாமி படம் எழுதுதீராமே வே?" என்று மடக்கினார். "ஐயா, நான் சீலையிலதான் எழுதுதேன். கும்பிடுததும் கும்பிடாததும் பாக்கவங்க பாடு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாமிக்குத் தழும்பு எழுதும் வழக்கம் எங்கும் இல்லை. இரட்டைச் சுழி உச்சந்தலையில் இருக்கிறது என்கிறீர்கள். முருகன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றால் உச்சந்தலை எப்படித் தெரியும்? குனிந்து மயிலுக்கு இரை போடுகிறாரா?

அடையாளத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம், பிள்ளைவாள். முகம் எழுத அது பற்றாது. கோபம் வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? யாரும் பார்க்காத சமயத்தில் எப்படி இருக்கும்? இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். இவ்வளவு விவரம் தெரிய வேண்டுமென்றால் நீங்கள் ஒரு வருடமாவது தூங்கிச் சொப்பனம் கண்டிருக்க வேண்டும் என்று என் வீட்டாள் சொல்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாக்கியசீலன்


திருநெல்வேலி,
1909 ஆகஸ்டு 3

ஸ்ரீ பாக்கியசீலன் அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் வேதக்காரர் என்பது தெரிந்துதான் எழுதினேன். அதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து யோசித்தால் என்ன காரணம் என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை.

இரட்டைச் சுழி படத்தில் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டில் எழுதியதால் அது சீட்டிலாவது இருக்கட்டும். அடித்துவிட வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குப் பதில். கோபம் வந்தால் அழமாட்டான். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கதவில் நகத்தால் கோடு போடுவான். கேட்டால், "நான் கோவிச்சுக்கிடல, கணக்கு எழுதுதேன்" என்பான். யாரும் பார்க்காத சமயத்தில், தட்டில் வைத்ததில் பிடித்ததை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிடிக்காததை முதலில் தின்பான். தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும். தழும்பு குறுக்குத்துறைப் படியில் விழுந்ததால் வந்தது.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது சுவாமியை ‘அவன்’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். வேறு காகிதத்தில் மாற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதியும் மாறவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

என் வீட்டில் சம்சாரத்திடம் இந்தப் படத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் பூஜை அறையில் நிற்பாள். வடக்குச் சுவரில் அவள் கண் உயரத்தை அளந்து ஆணி அடித்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்த ஆணியில் விபூதிப் பையை மாட்டி வைத்திருக்கிறாள்.

விதேயன்,
வைத்தியலிங்கம் பிள்ளை


ஏரல்,
1909 ஆகஸ்டு 20

பிள்ளைவாளுக்குத் தோத்திரம்.

பென்சிலால் ஒரு முகம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சரியில்லாத இடத்தில் சிவப்பு மையால் புள்ளி வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், எத்தனை புள்ளி வந்தாலும் சரி.

தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் வீட்டாள் கேலி பேசவில்லை. "கதவுல கோடு போட்ட பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேளுங்க" என்றாள். நான் அப்படிக் கேட்கப் போவதில்லை. ஆனால் தொழில் முறையில் ஒன்று தெரிந்தாக வேண்டும். இறந்தவர்களை எழுதும்போது கண் பார்க்கிறவர்களை நேரே பார்க்கும்படி எழுதுவேன். அவர்களுக்கு வேறு வேலை இல்லை அல்லவா. உயிரோடிருப்பவர்களை எழுதும்போது கண் வேறு எதையோ பார்க்கும். அவர்களுக்குச் சோலி இருக்கிறது.

இந்தப் பிள்ளை இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

பாக்கியசீலன்


திருநெல்வேலி,
1909 செப்டம்பர் 9

ஸ்ரீ பாக்கியசீலன் அவர்களுக்கு,

பென்சில் படம் வந்தது. ஐந்து புள்ளி வைத்தேன். பிறகு நான்கை அழித்துவிட்டேன். கன்னம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஒடுக்கம்.

தாங்கள் கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. சொப்பனம் என்று எழுதியது பொய். அவன் எங்கள் மகன். பெயர் சிவசைலம். இந்தப் பெயரை நான் எழுதிப் பதினோரு வருடம் ஆகிறது.

பாலம் தாண்டிப் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க அனுப்பினேன். பதினேழாம் வயதில் ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, தான் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளத் தீர்மானித்திருப்பதாகச் சொன்னான். யாரும் அவனை மயக்கவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அந்த முறை என்னிடம் கற்றதுதான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அண்ணாச்சியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளில் அதைத்தான் அடிக்க ஆசைப்படுகிறேன்.

அவன் போய்விட்டான். அண்ணாச்சி பூதலிங்கம் பிள்ளை உறவினர்களைக் கூட்டினார்கள். "செத்தான்னு தலைமுழுகிரு வைத்தி. கோமுன்னு ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கா, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்கள். கோமு என் மகள், அப்போது ஒன்பது வயது. அவன் பெயரைச் சொல்லிப் பதினாறாம் நாள் காரியம் வரை செய்தேன். அண்ணாச்சி எள்ளை எடுத்துக் கொடுத்தார்கள், நான் தண்ணீர் விட்டேன். என் வீட்டில்தான் அன்று வந்தவர்களுக்கெல்லாம் சமைத்தாள். அதன் பிறகு அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. அழுது நான் பார்த்ததில்லை. தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவனுக்குப் பிடித்தது அது. எங்கள் பக்கத்தில் சொதி வைக்காத வீடு கிடையாது. யாராவது கேட்டால், "அவுகளுக்கு ஒத்துக்கிடாது" என்று என்னைக் காட்டிவிடுவாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவன் முகத்தை ஒருதரம் கண்ணால் காணாமல் அவள் போய்விடக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. அவன் படம் என்று மாட்ட எனக்குத் தைரியம் இல்லை. முருகன் படம் என்றால் அண்ணாச்சியும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதற்காகத்தான் தங்களுக்கு எழுதினேன்.

தழும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படித்துறையில் என் கையைத்தான் பிடித்திருந்தான். செம்பை எடுக்க ஒரு நொடி கையை விட்டேன். அந்த நொடியில் விழுந்தான். ஆகையால் தழும்பு இல்லாமல் படம் வேண்டாம்.

தாங்கள் கேட்டதற்குப் பதில்: இருக்கிறான் என்று நினைக்கிறேன். எங்கே என்று தெரியாது. தாங்கள் அந்த மதத்தவர்; நாலு ஊருக்குப் போகிறவர். தயவுசெய்து தேட வேண்டாம். கோமுவுக்கு மூன்று வருடத்துக்கு முன் நல்ல இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வைத்தியலிங்கம்


ஏரல்,
1909 செப்டம்பர் 21

அண்ணாச்சிக்கு,

பிள்ளைவாள் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை வேறு பக்கம் பார்க்கும்படியே எழுதுகிறேன். ராதாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், எங்கள் சபைக் கோயில் சுவரில் வேத வசனம் எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மாத வேலை. சீலையையும் வர்ணத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். தைப்பூசத்துக்கு முன்னால் படம் உங்கள் வீட்டில் இருக்கும்.

தேட வேண்டாம் என்றீர்கள். தேடமாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஊர் ஊராய்ப் போக என்னால் ஆகாது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

பாக்கியசீலன்


திருநெல்வேலி,
1910 ஜனவரி 20

ஸ்ரீ பாக்கியசீலன் அவர்களுக்கு வணக்கம்.

படம் நான்கு நாளைக்கு முன் வந்து சேர்ந்தது. ஓலைப்பாய் சுற்றியிருந்தபடியால் மூலைகூட நசுங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விபூதிப் பையை எடுத்துவிட்டு ஆணியில் படத்தை மாட்டினேன். என் வீட்டில் அப்போது கொல்லையில் இருந்தாள். முதலில் வந்தது அண்ணாச்சி. வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள். "ஏலே வைத்தி, எங்கனலே பிடிச்சே இந்தப் படத்தை? முருகன் நம்ம அய்யா சாடையாவே இருக்காம்லா!" என்றார்கள். சிவசைலத்துக்கு எங்கள் தகப்பனார் சாடை உண்டு. "நல்லா எழுதியிருக்காக" என்று மட்டும் சொன்னேன். அண்ணாச்சி விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டார்கள். எனக்கு எள் எடுத்துக் கொடுத்த கை அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு அவள் பூ எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். பூவை வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லையோ, நான் செய்தது வீணோ என்று எனக்கு ஒரே கலக்கம்.

மறுநாள் காலையில் என் சீட்டின் நகலை எடுத்துவைத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. மூன்றாம் எண் மட்டும் சரியில்லை. நான் இடது புருவம் என்று எழுதியிருக்கிறேன். கஜானா முறைப்படி ஆளின் பக்கத்தைக் கொண்டு பார்த்தால், படத்தில் தழும்பு வலது புருவத்தில் இருக்கிறது. உடனே தங்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘கோபித்துக்கொள்ளக் கூடாது, மூன்றாம் எண்ணில் ஒரு பிழை’ என்று எழுதும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன எழுதுதிய?"

"படத்துல ஒரு பிழை இருக்கு. தழும்பு..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். முருகனுக்கு ஏது தழும்பு?

"பிழை படத்துல இல்ல. உங்க சீட்டுலதான் இருக்கு. அவனுக்கு வலப்பக்கம். பதினாறு வருசம் தலை சீவி விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க எதுத்தாப்புல நின்னு பாத்திய. உங்களுக்கு எடக்கைப் பக்கமா இருந்துச்சு. அதை அவனுக்கு எடம்னு எழுதிட்டிய."

நான் எழுந்து அவள் எதிரில் நின்று, கையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. முப்பத்தொரு வருடம் ஒத்துப் பார்க்கிற வேலை பார்த்தவன் நான். ஒரு தடவை, தழும்பு பக்கம் மாறியிருக்கிறது என்று ஒரு கிழட்டுச் சிப்பாயைச் சாட்சி கூட்டி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு மைல் நடந்து வந்தவர். அவர் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னை விடவில்லை. "நீங்க எடம்னு எழுதிக் குடுத்திய. அவரு வலம்னு எழுதியிருக்காரு. தானா எப்படி எழுதுவாரு?" என்றாள். பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப அவரு அவனைப் பாத்திருக்காரு. பாத்திருக்காருங்க" என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினோரு வருடம் சேர்த்து வைத்திருந்ததை அழுதாள். நானும்தான். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். எழுந்து போய்க் கதவைச் சாத்த எனக்குத் தோன்றவில்லை.

தேட வேண்டாம் என்று எழுதியவன் நான். இப்போது எழுதச் சொல்கிறவள் அவள். எங்கே இருக்கிறான்? உடம்பு எப்படி இருக்கிறது? யார் சமைத்துப் போடுகிறார்கள்? இந்த மூன்றுக்கும் அடுத்த தபாலில் பதில் வேண்டும்.

வைத்தியலிங்கம்


ராதாபுரம் வழி,
1910 ஜனவரி 29

அண்ணாச்சிக்கும் அம்மாளுக்கும் பாக்கியசீலன் எழுதுவது.

தங்கள் கடிதம் ஏரலுக்குப் போய், அங்கிருந்து என்னைத் தேடிக்கொண்டு இங்கே வந்தது. மழையில் சுவர் காயாமல் நாள் போய்விட்டதால் வேலை இன்னும் முடியவில்லை.

நான் தேடவில்லை, அண்ணாச்சி. சத்தியம். ஏணி மேல் நின்று சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். ஏணி ஆடியது. இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான் கீழே பார்த்தேன். கிராப்புத் தலை, உச்சியில் இரட்டைச் சுழி. படத்தில் எழுத முடியாத ஆறாம் எண், ஏணிக்குக் கீழே நின்றது. தூரிகை கையிலேயே காய்ந்துவிட்டது. "என்ன வே, வசனம் மறந்துபோச்சா?" என்று அண்ணாந்து சிரித்தார். உதட்டில் ஒரு பக்கம் முதலில் ஏறியது, மறுபக்கம் பிறகு வந்தது.

மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு. படத்தைப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் காய வைத்திருந்தேன். அங்கேதான் எனக்கு ஜாகை. நாலாம் நாள் அவர் எதையோ எடுக்க உள்ளே வந்தார். வேலையும் மயிலையும் பார்த்துச் சிரித்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்து முடித்து, எட்டாம் வாய்ப்பாட்டையும் முடித்து, வாத்தியாரைக் காணோமே என்று சும்மா நின்றுவிட்டார்கள். யார் எழுதச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. சுண்டுவிரலால் தன் வலது புருவத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம்" என்றார்.

"சீட்டுல எடம்னு இருக்கு" என்றேன்.

"அப்பா எதுத்தாப்புல இருந்துல்லா பாத்தாக. படியில விழுந்த அன்னைக்கு வைத்தியர் வீடு வரைக்கும் என்னைத் தூக்கிட்டு ஓடினாக. வழியெல்லாம் என் முகத்தையேதான் பாத்துட்டு வந்தாக" என்றார்.

கையை விட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடினது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்ன பக்கத்துக்கே தழும்பை மாற்றினேன். உங்கள் சீட்டுக்கு மாறாக நான் செய்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒன்று கேட்டார். "அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?" எனக்குத் தெரியாது என்றேன். சரி என்று பிள்ளைகளிடம் போய்விட்டார்.

இனி அம்மாளுக்குப் பதில். இந்த ஊரில்தான் ஆறு வருடமாக இருக்கிறார். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஒல்லி. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் ஊரில் யார் வாயிலும் அது வரவில்லை. சிவசைலம் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சமைத்துப் போடுவது அவர் சம்சாரம், நல்ல பிள்ளை. மகள் ஒருத்தி, நாலு வயது. நான் வர்ணப் பலகையைத் தொடாதே என்று அதட்டினேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பெயரை நான் சொல்லமாட்டேன். நீங்களே வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கியசீலன்


திருநெல்வேலி,
1910 பிப்ரவரி 7

அன்புள்ள பாக்கியசீலனுக்கு,

முதலில், முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் இருக்கிறது. தைலம் தேய்க்கிறாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதை விட்டுவிட்டு இதை அவனிடம் சொல்லிவிடவும். பதினோரு வருடம் தாமதம் ஆகிவிட்டது.

இரண்டாவது, எங்களுக்கு இன்னொரு படம் வேண்டும். சுவாமி படம் அல்ல. சிவசைலம் இப்போது இருக்கிறபடி, அவன் சம்சாரமும் குழந்தையும் கூட இருக்க வேண்டும். இந்தத் தடவை அங்க அடையாளச் சீட்டு எழுதி அனுப்ப என்னால் முடியாது. இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை. ஒத்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதும் என் வழக்கம் இல்லை. ஆகையால் இந்த மாதம் 20-ஆம் தேதி நாங்கள் இருவரும் வண்டியில் புறப்பட்டு அங்கே வருகிறோம். வழியில் நாங்குநேரியில் ஒரு நாள் தங்குவோம். அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று எழுதினேன். இதை அவள் அடிக்கச் சொன்னாள். "சங்கடமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் எறங்கி உள்ள போவேன்" என்கிறாள். நானும் அவளோடு இறங்குவேன் என்று நினைக்கிறேன். இல்லை, இறங்குவேன்.

கோமு போன வாரம் வந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். ஒன்பது வயதில் பார்த்த அண்ணனை நினைத்துக்கொண்டு, பூஜை அறைக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "எங்க மாமியாருட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. இதுக்கு இம்புட்டு நாளா?" என்றாள். நான் யாருக்காகப் பயந்தேனோ அவளுக்குப் பயம் இல்லை.

அண்ணாச்சியிடம் நேரில் சொல்ல மூன்று நாள் காலையில் போனேன். மூன்று நாளும் பஞ்சாங்கம் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். ஆகவே அவர்களுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து காரணங்கள் எழுதியிருந்தேன். நான்கை அடித்துவிட்டேன். ‘என் மகனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது’ என்பது மட்டும் மீதி இருக்கிறது. புறப்படும் அன்று காலையில் தபாலில் போடுவேன். அடுத்த வீட்டுக்குத் தபாலா என்று தாங்கள் சிரிப்பீர்கள். கார்டில்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரரும் படித்துக்கொள்ளட்டும். திரும்பி வரும்போது அண்ணாச்சி பேசுவார்களா, பேசமாட்டார்களா, தெரியாது. பேசினால் நல்லது.

பாலமுருகன் பூஜை அறையில்தான் இருக்கிறார். காலையில் அவள் பூ வைக்கும்போது, சுண்டுவிரலால் அந்தத் தழும்பை ஒருதரம் தொடுகிறாள். வர்ணம் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. தொடலாமா கூடாதா என்று தெரிவிக்கவும். கூடாது என்றாலும் அவளிடம் சொல்லமாட்டேன்.

என் சீட்டின் மூன்றாம் எண்ணில் ‘இடது’ என்பதை அடித்து ‘வலது’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சிவசைலத்தின் தகப்பன்,
வைத்தியலிங்கம்

பின்குறிப்பு: அந்தப் பக்கமெல்லாம் பனை என்பதால் தேங்காய் கிடைக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். எங்கள் கொல்லையில் பறித்த பன்னிரண்டு காய் உரித்து வைத்திருக்கிறாள். சொதி வைத்துத் தூக்கில் கொண்டுபோனால் ஆறிப்போகும், அங்கே மருமகள் அடுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். அவர்கள் வீட்டில் தேங்காய்த் துருவி இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் துருவியைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகையால் பதில் எழுத வேண்டாம்.